அம்மாவுக்குப் பதிலாக மிதித்த கால்

அனுப்புநர்:
ரா. இசைவாணி,
பதினோராம் வகுப்பு மாணவி,
த/பெ. ராமாமிர்தம்,
குடிகாடு, கடலூர்.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: என் அம்மா லோகநாயகிக்குக் கார் ஓட்டக் கற்றுத்தராமலே, கற்றுத்தந்ததாக நம்ப வைத்த பயிற்றுநர் கொளஞ்சியப்பன் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்தவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடியே எழுதுகிறேன். எனக்குக் கோபம் இருக்கிறது. அதற்காக எதையும் மாற்றி எழுதவில்லை.

1. என் அப்பா வேன் ஓட்டுநர். ஜனவரியில் நடந்த விபத்தில் அவருடைய வலது கால் செயலிழந்தது. வாரந்தோறும் சிகிச்சைக்குச் சிதம்பரம் போக வேண்டும். பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்க எங்களால் முடியவில்லை. எங்கள் ஆம்னி வேனோ வாசலில் சும்மா நிற்கிறது. அதை ஓட்டுவதற்காகவே அம்மா மே மாதம் ஜெயசோழன் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார்.

2. பெண் தனியாக வேற்று ஆணோடு காரில் போனால் ஊர் பேசும் என்பதால், துணைக்கு நானும் தினமும் பின் இருக்கையில் போனேன். பயிற்சிக் காரில் பயிற்றுநர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. ஆபத்துக்கு மட்டும் மிதிப்பதற்காக வைத்தவை. கொளஞ்சியப்பன் அவற்றிலிருந்து காலை எடுத்ததே இல்லை. "நீ ஸ்டேரிங்க மட்டும் புடிம்மா, கீழ நடக்கறத நான் பாத்துக்கறேன்" என்பார். வண்டி குலுங்காமல் கிளம்பும். தானே ஓட்டுவதாக அம்மா நினைத்தார்.

3. "ஏன் சார் நீங்களே மிதிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "பாப்பா, கையில பொஸ்தவம் இருக்குல்ல? அதப் படி. எங்கால ஏன் பாக்கற?" என்றார். அதுதான் முறை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அன்று வீட்டில் அம்மா, "வண்டி எம் பேச்ச கேக்குது மாமா" என்று அப்பாவிடம் சொன்னார். விபத்துக்குப் பிறகு அப்பா அன்றுதான் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் கொளஞ்சியப்பன் செய்த மோசடியோடு சேர்த்தே எழுதுகிறேன்.

4. ஜூன் 17 அன்று தேர்வு. ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கால்களைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டார். வண்டி கிளம்பாமல் மூன்று முறை அணைந்தது. பிறகு துள்ளிப் போய்க் கம்பத்தில் இடித்தது. அவர் தேர்ச்சி தராதது சரியே.

5. மாலையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், பயிற்றுநர் மிதிக்காமல் மறுபடி சொல்லித்தரும்படி அம்மா கேட்டார். வந்திருந்தவர்கள் முன்னால், "ஒனக்கு வராதும்மா. வூட்டுக்காரரையே ஓட்டச் சொல்லேன்" என்றார் கொளஞ்சியப்பன். அப்பாவின் கால் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அன்று முதல் அம்மா வேன் சாவியைத் தொடுவதில்லை. தனக்கு வராது என்றே நம்புகிறார். ஐயா, அது பொய். அம்மாவின் கால் இன்னும் கற்கத் தொடங்கவே இல்லை.

எனவே, கொளஞ்சியப்பனை விசாரித்து, அவர் இனி யாருக்கும் பயிற்சி தராதபடி தடுக்கவும், அதே பள்ளியில் வேறொருவர் என் அம்மாவுக்கு முதலிலிருந்து கற்றுத்தரவும் தாங்கள் ஆணையிட வேண்டுகிறேன். அவருடைய மன்னிப்பை நான் கேட்கவில்லை.

இடம்: குடிகாடு
நாள்: 22.06.2009

இப்படிக்கு,
ரா. இசைவாணி

பி.கு.: ஐந்தாம் பத்தியில் ஒன்று விட்டுப்போயிற்று. அம்மா பதில் சொல்ல வாயெடுத்தபோது, "சாத்தற நேரம்" என்று கொளஞ்சியப்பன் எழுந்தார். நாங்கள் இருவரும் இன்னும் உள்ளேதான் நின்றிருந்தோம். விளக்குகளை அணைத்துவிட்டார்.