இடம் மாறின தேனீ

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் சிநேகிதி வினோதினிகிட்ட அட்ரஸ் வாங்கினேன். அவளைத் திட்டாதே.

மார்கழிப் பனியில நம்ம தேனீப் பெட்டி ஏழுல நாலு காலி. செத்த ஈ ஒண்ணுகூடக் கிடக்கல. அம்மா நல்லா இருக்கா.

நேத்து ஜெயங்கொண்டம் டீக்கடையில தேனீ வளர்க்கிறவங்க எல்லாரும் கூடினோம். மீன்சுருட்டி கலைவாணன், "என்னுது சொல்லாம கொள்ளாம ஓடிப்போச்சு. ராணி நகையைக்கூட எடுத்துக்கல"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம்தான் என்னைப் பார்த்தாங்க.

கலைவாணன் குரலை இறக்கி, "உங்களுது இடம் மாறிடுச்சுங்களாண்ணே?"ன்னு கேட்டான். நீ போன இந்த ஒன்றரை வருஷமா, 'ஓடிப்போச்சு'ங்கிற வார்த்தையை என் எதிரில யாரும் சொல்றதில்ல.

"ஓடித்தான் போச்சு"ன்னேன். "தினமும் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தா எந்த ஈப்பா தங்கும்?"

கலைவாணன் என் டீயை எடுத்து ஆத்திக் கொடுத்தான். சூடே இல்ல, எதுக்கு ஆத்தினான்னு தெரியல.

மூணு பெட்டி மிச்சம் இருக்கு. முந்திரி பூக்கிற வரைக்கும் அதைத் தொடப்போறதில்ல.

உன் பீரோவுக்கு உனக்குத் தெரியாம நான் ஒரு சாவி செஞ்சு வெச்சிருந்தேன். அதை இந்தக் கவர்ல போட்டிருக்கேன்.

இப்படிக்கு,
அப்பா