பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காத செல்லத்தாய்

மலையாள ஊரான கழக்கூட்டத்தில் நம் அலுவலக வாசல் டீக்கடையில் இன்று காலை மாவில் தோய்த்த வாழைப்பழம் பழம்பொரியாகப் பொரிந்துகொண்டிருந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்து காலைக் கட்டிவிட்டது. நேரே போய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். நாம் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸை அப்போதுதான் புதிய வெர்ஷனுக்கு மாற்றியிருந்தோம். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை.

இப்படி மாற்றும் நாளெல்லாம் நீ பழம்பொரி வாங்கி வருவாய். ஏதாவது தகராறு என்று போன் வந்தால் உடனே ஆளுக்கொன்று கையில் திணிப்பாய். "எண்ணெய்க் கையோட கீபோர்டத் தொடாத ஏட்டி. தின்னு முடிக்கது வரைக்கும் யோசி." நாகர்கோவில்காரியின் அதிகாரம்! தின்னிப்பண்டாரம் என்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன். அவசரத்தில் எதையாவது தட்டிவிட்டு, இருக்கிற கோளாறோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளாமல் இருக்கத்தான் நீ அப்படிச் செய்தாய் என்பது புரியவே எனக்கு நாளாயிற்று.

இன்று போன் செய்தது டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். "சேச்சி, போனக்காடு மலையிலேர்ந்து செல்லத்தாய் அம்மா வந்திருக்காங்க. எத்தனையோ வருஷமா வர்றவங்க. பேரடிச்சா அப்படி ஆளே இல்லன்னு காட்டுது, கேட்டோ. ரிசப்ஷன்ல புதுசா பதிஞ்சுட்டாங்க. ஆனா அம்மாக்கு ஒரு ஊசி ஒத்துக்காது. எந்த ஊசின்னு பழைய ரெக்கார்டுலதான் இருக்கு. அவங்களுக்கும் பேரு தெரியல."

"ஊசி எதுவும் போடாதீங்க, லைன்லயே இருங்க" என்றேன். அதற்குள் மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். "பழசுக்கே திரும்பிடலாம், வேற வழியில்லல்லோ." திரும்பினால் காலையிலிருந்து பதிந்த எல்லா நோயாளிகளின் குறிப்பும் போய்விடும். ஆனாலும் என் கை கீபோர்டுக்குப் போய்விட்டது. போன கையை இழுத்துப் பொட்டலத்தில் விட்டு, ஒன்றை எடுத்துக் கடித்தேன். மேனேஜர் முறைத்தார். அவருக்கும் ஒன்று நீட்டினேன்.

மென்றுகொண்டே நர்ஸிடம், "அவங்க பழைய கார்டு நம்பரச் சொல்லுங்க" என்றேன். நம்பரைப் போட்டதும் செல்லத்தாய் முழுசாக வந்து நின்றார், ஒத்துக்கொள்ளாத ஊசியின் பெயரோடு. அதைப் படித்துச் சொன்னேன். நர்ஸ் திருப்பிச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆக, தகவல் பத்திரமாக இருக்கிறது. பெயரை வைத்துத் தேடும் வழிதான் கெட்டிருக்கிறது. புதிய வெர்ஷன் பெயர்களை வேறு விதமாக வரிசைப்படுத்துகிறது. தேடலுக்கான இண்டெக்ஸ் அட்டவணை இன்னும் பழைய வரிசையிலேயே இருந்தது. அதைப் புதிதாகக் கட்டியதும் தீர்ந்தது. அதற்குள் இரண்டிரண்டாகப் பதிவாகிவிட்டவர்களை ஒன்றாக்கத்தான் மத்தியானம் வரை ஆயிற்று.

சாயங்காலம் நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். "அம்மா நல்லபடியா கிளம்பிட்டாங்க சேச்சி. மலைக்குப் போற பஸ்ஸப் பிடிக்கணுமாம், ஒரே ஓட்டம்."

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். உன்னை எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாமல் போன கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நீ இல்லாமல் இந்த வேலை எனக்கு ஆகாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் பயந்துகொண்டே நிதானமாக இருக்க முடிகிறது. அது நீ கொடுத்தது, என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இந்த வாரமே செல்லத்தாய் திரும்ப வருவார். இனி அவர் பெயரைச் சொன்னாலே போதும்.