விதை மூட்டைக்கு முந்தாத எழுத்துகள்

இன்று ஊறுகாய்க்காக வினிகர் பாட்டிலைத் திறந்தேன். கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்தில் நாம் எக்ஸ்ரே படம் கழுவிய இருட்டறையின் நெடி முகத்தில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் கடைசி. மேல்மலை ஊர்களில் உருளைக்கிழங்குச் செடிகளெல்லாம் இலை சுருண்டு செத்துக்கொண்டிருந்தன. அதற்குக் காரணமான வைரஸின் மரபணு எழுத்துகளை, எக்ஸ்ரே படத்தில் விழுந்த கோடுகளிலிருந்து நீ படித்து முடித்திருந்தாய். வெளிநாட்டு மரபணுத் தரவு வங்கிக்கு அனுப்பினால், இதே வைரஸ் வேறெங்கே இருக்கிறதென்று ஒப்பிட்டுச் சொல்வார்கள். அடுத்த விதைப்புக்குள் நோய் வந்த வழி தெரிய வேண்டும். உனக்கு வேறு நினைப்பே இல்லை.

மறுபடி சோதனைக்கு இலை பறிக்கப் போன இடத்தில் விவசாயி மாடசாமி அரிவாளை ஓங்கினார். "வருசா வருசம் பறிச்சிட்டுப் போறீங்க. எங்கேருந்து வந்த சீக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களாய்யா?" தடுத்த உன் கையில் இரண்டு விரல் போயிற்று. போலீசுக்குப் போகலாமென்று நான் குதித்தேன். "அவரு கேட்டது நியாயம்டா. வெரசா அனுப்புவோம்" என்றாய்.

நம் நிலைய இயக்குநர் அனுப்ப விடவில்லை. "என் கட்டுரை அச்சாகாம ஒரு எழுத்து வெளிய போகாது." மாதக்கணக்கில் கெஞ்சினாய். கடைசியில் அவருக்குத் தெரியாமல் அனுப்பப் பார்த்தபோது பிடித்துவிட்டார். தனக்கில்லாவிட்டால் யாருக்கும் வேண்டாமென்று படத்தைக் கிழித்தார். நீ அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினாய். மூக்கு உடைந்தது. உன் வேலையும் போனது. கிழிந்த துண்டுகளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி நீ ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் கணினியில் தட்டச்சு செய்தேன். அதைப் பதிந்த பிளாப்பி வட்டைத் தரவு வங்கிக்குத் தபாலில் அனுப்பினோம்.

பதில் வந்தது. நமக்கு விதைக்கிழங்கு வருகிற வடக்குப் பக்கம் கண்ட அதே வைரஸ். அதற்குள் அந்த விதை மூட்டைகள் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வந்துவிட்டன. லாரியை மறித்து நின்று, "வாங்காதீங்கய்யா, சீக்கு மூட்டைக்குள்ளதான் கெடக்கு" என்று கத்தினாய். விதை வியாபாரியின் ஆட்கள் கடப்பாரையால் அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என் மடியில் செத்துப்போனாய்.

பாடையருகே மாடசாமி வந்து நின்றார். "வெட்டுன கைங்க இது. இதால தூக்கலாமா?"

"தூக்குங்க" என்றேன். தோள் கொடுத்து, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார்.

அவரை அன்றே மன்னித்துவிட்டேன். இயக்குநரை இல்லை. அந்த எழுத்துகள் நேரத்துக்குப் போயிருந்தால் லாரியில் மூட்டை ஏறியிருக்காது. நீ அதன் முன்னால் நின்றிருக்கவும் மாட்டாய். இன்றைக்கும் யாராவது "கட்டுரை வரட்டும், அப்புறம் தரவைக் கொடுக்கலாம்" என்றால், சட்டையைப் பிடிக்கக் கை போகிறது. கிழவனுக்கு இத்தனை கோபம் ஆகாது என்கிறார்கள். ஆறவில்லையடா. ஆற விடவும் மாட்டேன்.