செல்விக்கு எந்தக் கட்டம்

12 ஜூலை 1994, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். அனுப்பர்பாளையம் லைன் வீடுகள். குடும்பக் கணக்கெடுப்பு, நான்காம் நாள். கரண்ட் இல்லாததால் பனியன் கம்பெனிகள் லீவு, ஆட்கள் வீட்டில் கிடைக்கிறார்கள். செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தி நடந்தேன். பாத்திரப் பட்டறைகளின் சுத்தியல் சத்தத்தில் எந்தக் கேள்வியையும் இரண்டு முறை கத்த வேண்டும்.

மூன்றாவது வீடு மாரியம்மாள். கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். கணவர் இல்லை. ஒரே மகள் செல்வி, பன்னிரண்டு வயது. வேலையா, பள்ளியா என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடந்தாம்மா. ஆறாப்பு. இன்னைக்கு மேலுக்குச் சுகமில்லன்னு இருக்கா."

பெண்ணின் தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. "டீச்சர் பேரென்ன கண்ணு?"

"தெரியாதுக்கா. எங்க கம்பெனி செக்கிங் அக்கா பேருதான் தெரியும்."

அம்மா முறைத்தாள். செல்வி அடுப்புப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

'பள்ளி' கட்டத்தில் டிக் போட்டேன்.

13, புதன்

தலைவலி. இன்று மகள் கவிதாவுக்குக் கணக்குப் பரீட்சை. கோவைக்கு போன் போட்டேன், வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

இந்த வாரம் நான் எழுதிய பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குப் போகிறவர்கள். அப்படியானால் காலையில் கம்பெனி வேனில் நெருக்கியடித்துப் போவது யார் வீட்டுப் பிள்ளைகள்?

மேற்பார்வையாளரிடம் செல்வியைப் பற்றிச் சொன்னேன். "நீங்க பாத்ததெல்லாம் எழுத முடியாதுங்க. அவங்க சொல்றதத்தான் எழுதோணும். சந்தேகம்னா இன்னொருக்கா போய்க் கேளுங்க."

நியாயம்தான். ஆனால் கால் வீங்கியிருக்கிறது.

14, வியாழன்

சாயங்காலம் போனேன். செல்வி மட்டும். அப்போதுதான் வேலை விட்டு வந்து, பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்னே சொல்ல ஆரம்பித்தாள். போன வருஷம் இங்கே வந்து ஆறாம் வகுப்புக்கு இரண்டு மாதம் போனாள். அம்மாவுக்கு இளைப்பு வந்ததும் நின்றுவிட்டாள். இப்போது பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறாள்.

"வேலைக்குப் போறேன்னே எழுதுங்கக்கா. அப்பத்தான சர்க்காருக்குத் தெரியும்? தெரிஞ்சா திரும்பச் சேத்துக்குவாகல்ல?"

இல்லை, இது வெறும் கணக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். "எழுதறேன் கண்ணு" என்று மட்டும் சொன்னேன். பழைய டிக்கை அடித்து, 'வேலை' கட்டத்தில் போட்டு, பக்கத்தில் கையெழுத்து.

மாரியம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அழிச்சு எழுதுறீகளா? லேபர் ஆபீசுக்குப் போகுமா இது?"

பெயர் எங்கேயும் போகாது, எண்ணிக்கைதான் போகும் என்றேன்.

"இப்படித்தான் சொல்லுவீக. கம்பெனிக்குத் தெரிஞ்சா எங்க ரெண்டு பேரையும் நிப்பாட்டிருவாக."

மூச்சு வாங்கியது அவளுக்கு. செல்வி தலை நிமிரவே இல்லை.

16, சனி

மேற்பார்வையாளர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடித்தல் கூடாது, அம்மாவிடமே மறுபடி கேட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

போனேன். பூட்டு.

பக்கத்து வீட்டம்மா: "நேத்தே காலி பண்ணீட்டாங்க அம்மிணி. எங்கீன்னு சொல்லலீங்க. கணக்கெடுக்கற அம்மாவப் பாத்தாத்தான் பயம்னு அழுதாங்க."

குழாயடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறெங்கும் போகவில்லை.

18, திங்கள்

தூறல். குடும்பம் கிடைக்காவிட்டால் பட்டியலில் இருந்து மாற்று வீடு எடுக்க வேண்டும், விதி. கிடைத்தது வயதான தம்பதி. மகன் காங்கேயத்தில் அரிசி மில்லில். "ஊட்டுக்குள்ள வாங்க கண்ணு, நனையறீங்க" என்று அந்த அம்மா துண்டு கொடுத்தார். பத்து நிமிட வேலை. பிள்ளைகள் பகுதியில் நீளமாக ஒரு கோடு.

மேற்பார்வையாளருக்குச் சந்தோஷம். "இப்படி இருக்கோணுங்க படிவம்."

மாரியம்மாள் படிவத்தின் மேல் 'ரத்து' என்று நானே எழுதிப் படிவக் கட்டோடு சேர்த்தேன்.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன்: செல்வி. வயது 12. பிசிறு வெட்டுகிறாள். ஆறாம் வகுப்பில் இரண்டு மாதம். திரும்பப் போக ஆசை.