கட்டைவிரலுக்கு எட்டும் அறை

அன்புள்ள அப்பாவுக்கு சாதனாவின் நமஸ்காரம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

எனக்கு இங்கே ஒரே குஷி! வாங்கப்போகும் வீட்டைப் போனிலேயே சுற்றிக் காட்டும் எங்கள் விர்ச்சுவல் டூர் ஒருவழியாக ஓடிவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது, போனில்தான் திணறியது. போன வாரம் டாக்குரியா லோக்கல் ரயிலில், கூட்டத்தில் நின்றபடி சோதித்தேன். மேல் மூலையிலிருந்த பட்டனைத் தொடக் கம்பியை விட்டேன். லேசாகச் சாய்ந்தேன், அவ்வளவுதான், அடியெல்லாம் இல்லை. என்னைப் பிடித்துக்கொண்ட வங்காளிப் பெண், “இதைப் பார்க்க மூணு கை வேணும் போல, தீதி!” என்று அக்கா முறை வைத்துச் சிரித்தாள். அன்றே பட்டன்களைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி கீழே இறக்கினேன், படங்களின் கனத்தையும் குறைத்தேன். நேற்று அதே கூட்டத்தில், ஒரே கையால் ஐந்து அறைகளைச் சுற்றி வந்துவிட்டேன்!

என் அறையையும் அப்படியே எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். உங்கள் பழைய போனில் திறந்தால்தான் நான் பாஸ். நாற்காலிப் பக்கம் திருப்பாதீர்கள், துணி மடிக்கவில்லை. அடுப்பு மேடையில் காலி பாட்டில் தெரியும். அம்மாவைப் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள்.

ஆபீசுக்கு நேரமாகிறது. அறையில் என்னைத் தேடாதீர்கள், அப்பா. காமிரா எல்லாப் பக்கமும் பார்க்கும் என்பதால், அது எடுத்து முடிக்கும்வரை நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

உங்கள்
சாதனா