முதலில் எந்தக் குழாய்?

தாராவி, ஞாயிறு

அன்புள்ள சங்கரேஸ்வரிக்கு,

நான் இங்கே சிங்கம் மாதிரி சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கு?

ரிஸ்க் இன்ஸ்பெக்‌ஷன் பரீட்சையில பாஸ்! போன்ல சொன்னா நாலு பேருக்கு வாசிச்சுக் காட்ட முடியாதே, அதான் எழுதுதேன். இனி இன்ஸ்பெக்டர் சம்பளம். உன்னை இங்கே கூட்டிட்டு வந்திரலாம்.

போன தடவை ஏன் தோத்தேன்? கம்ப்யூட்டர் திரையில ரெண்டு குழாயைக் காட்டி, எதை முதல்ல சோதிக்கணுமோ அதைத் தொடுன்னு கேள்வி. ஒண்ணு துருப்பிடிச்ச தண்ணிக் குழாய், இன்னொண்ணு லேசாத் தேஞ்ச கேஸ் குழாய். வருஷக்கணக்கா துரு சுரண்டின கை, துருவைத்தான் தொட்டுச்சு. முக்காவாசிப் பேர் விழுற குழி அது. எது உடையும்னு மட்டும் பார்த்தாப் போதாது, உடைஞ்சா என்ன சேதம்னும் பார்க்கணும்.

இந்தத் தடவை நம்ம அடுக்களை ஞாபகம் வந்துச்சு. கேஸைத் தொட்டேன். ரிசல்ட்டைப் பார்த்துட்டு பரீட்சை ஹால் மேனேஜரே எந்திரிச்சு, "அரே அண்ணா, க்யா பாத் ஹை!"ன்னு, பிரமாதம்னு இந்தியில சொல்லி, கட்டிப்பிடிச்சாரு.

செம்பூர்ல வீடு பார்த்திருக்கேன். எட்டிப் பார்த்தா கடல் தெரியும், கொஞ்சம் அதிகமா எட்டணும்.

வரும்போது நீ இடிச்ச மிளகாப்பொடி கொண்டா. அதுவரைக்கும் ஒழுகுற பைப்பு ஒழுகட்டும். அடுப்பு கேஸ் டியூபை மட்டும் நாளைக்கே மாத்து. அந்த வீட்ல இருக்கிறது நீ ஒருத்திதானே.

லோக்கல் ரயிலுக்கு நேரமாச்சு.

பெரியநாயகம்