தூணுக்குப் பக்கத்து இடம்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். முடியாமல் படுத்தாலும் எழுதுகிற ஆளில்லை நீ.

சபைப் பாட்டைப் பதிந்து நீ அனுப்பிய பென்டிரைவ் கிடைத்தது. போனில் பேசினால் சண்டை வருகிறது என்றுதான் கடிதத்துக்கு மாறினோம். இப்போது கடித உறைக்குள்ளேயே சபையை மடித்து அனுப்பியிருக்கிறாய். லிஃப்ட் சோதிக்கப் போன கட்டடத்தில், மொட்டைமாடி மோட்டார் அறையில், சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். வேறு வேலையில்லை, அதனால் கேட்டேன்.

ஒலிப்பதிவு மோசம். பெண்களின் இரண்டு குரலும் நன்றாக விழுந்திருக்கின்றன. ஆண்களில் மேற்குரலும் தெளிவு. கீழ்க்குரலை மட்டும் மைக் பிடிக்கவே இல்லை. நான் அந்தக் காலத்தில் நின்ற மூலையைத் தூண் மறைக்கும். மைக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். பாடகர் குழுவுக்கே தலைவர், சுதி ஒரு மயிரிழை இறங்கினால் முறைக்கிற சுதிக்காரர், இதைக்கூடக் கவனிக்கவில்லையா? அவரைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

தம்பி


ஜூன் 14

என் தம்பிக்கு,

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. முகத்தைச் சுளிக்காதே, எனக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியாது.

மைக்கில் கோளாறு இல்லையடா. அங்கே யாரும் பாடவில்லை. நீ போனதிலிருந்து உன் கீழ்க்குரலைச் சுதிக்காரர் யாருக்கும் கொடுக்கவில்லை. பேக்கரிக்காரர் ஆசையாக வந்து கேட்டார், அவருக்கு அண்டாவைத் தட்டின மாதிரி குரல். "அந்த இடம் காலியில்லப்பா. ஆள் வெளிய போயிருக்கான்" என்று அனுப்பிவிட்டார்.

நான்கூடச் சொன்னேன்: "மூணு குரலுக்கு மாத்தி எழுதிடுங்களேன். கேக்க ஓட்டையா இருக்கு."

"இருக்கட்டும்மா. அடைச்சிட்டா அவன் எங்க வந்து நிப்பான்?"

அதைக் கேட்கத்தான் அனுப்பினேன். உனக்குப் புரியும் என்று நினைத்தேன்.

அக்கா


ஜூன் 22

அக்கா,

புரிந்தது. நான் ஓடிப்போனதை வாரம் தவறாமல் ஊருக்குப் பாடிக் காட்டுகிறீர்கள். நல்ல ஏற்பாடு.

ஆஸ்பத்திரியில் என் மனைவியின் தலையில் கைவைத்து, "இவ எழும்பிடுவா, கர்த்தர் எங்கிட்ட சொல்லிட்டாரு" என்றது யார்? உன் சுதிக்காரர்தானே? நீயும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னாய். அவள் அதை நம்பி, நர்ஸிடம் தலைவாரிவிடச் சொல்லி, என்னிடம் வெளியே போகிற செருப்பை எடுத்துவரச் சொன்னாள். எடுத்துக்கொண்டு போனேன். பையைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்தில் அதே மனிதர் அதே குரலில், வாக்கு மாறாத தேவன் என்று பாட ஆரம்பித்தார். நான் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வந்தேன். பின்னால் ஒரு நாய்கூட என்னைத் தேடி வரவில்லை.

எந்த வாக்கு மாறவில்லை? கேட்டுச் சொல்.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

அந்த ஆமெனை நான் இன்னும் விழுங்கவில்லை. அதை வைத்துக்கொண்டேதான் தினமும் ஜெபிக்கிறேன்.

ஆனால் யாரும் வரவில்லை என்று எழுதாதே. நீ ஊரைவிட்டுப் போகும்வரை அவர் உன் வாசலில் வந்து நின்றார். நீ திறக்கவில்லை. "ஆள் உள்ள இருக்கான், ஃபேன் சத்தம் கேக்குது" என்று என்னிடம் வந்து சொல்வார்.

நீ போன அடுத்த வருஷம் ஒருநாள் ஆராதனையில் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நான் ஆசப்பட்டத ஆண்டவர் சொன்னதாச் சொல்லிட்டேன். ஒரு வீட்டையே கெடுத்துட்டேன்." உனக்கு எழுதினேன். கடிதம் பிரிக்காமல் திரும்பி வந்தது.

நீ கேட்டதை இப்போது அவரிடம் கேட்டேன். ஆர்மோனியத்தை மூடிவைத்தார். பிறகு, "போனவன ஆண்டவர் விட்டுற மாட்டாரு. திரும்ப நிக்க வைப்பாரு. இது ஒண்ணுதாம்மா எனக்கு நிச்சயமாத் தெரியும். மத்ததெல்லாம் இப்ப வாயத் திறக்கவே பயமா இருக்கு" என்றார். போகும்போது, "லிஃப்ட் கயிறு அறுந்தா என்னாகும்னு உன் தம்பியக் கேளு" என்றார். எதற்கென்று எனக்குத் தெரியாது.

அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்கா,

கயிறு அறுந்தால் லிஃப்ட் விழாது. வேகம் எல்லை மீறியதும் பெட்டிக்கு அடியில் இருக்கிற கவ்வி, பக்கத்துத் தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருப்பவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே அதுவரை தெரியாது. இதை வைத்து அவர் பிரசங்கம் பண்ண வேண்டாம். அது இரும்பு. நான்தான் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

அழைப்புமணி அடித்ததாக எனக்கு நினைவில்லை. அந்த மாதம் மணியின் ஒயரை நானே கழற்றிப் போட்டேன். இல்லை, அது வீடு காலி செய்யும்போதா? ஃபேன் ஓடியது உண்மை. யாரோ செருமுகிற சத்தம் கேட்டு, நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உண்மை மாதிரிதான் இருக்கிறது. பின் எப்படி யாருமே வரவில்லை என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்?

அவர்மேல் இருந்த கோபத்தையும் கடவுள்மேல் இருந்த கோபத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். இப்போது பிரிக்கச் சொல்கிறாய். எது யாருடையது என்று தெரியவில்லை. அவளை எழுப்பாத கடவுள் எனக்காக ஒரு மூலையைக் காலியாக வைத்திருக்கிறார் என்றால், அதை அன்பென்று எடுத்துக்கொள்வதா? எடுத்துக்கொண்டால் அவளுக்குத் துரோகமா? நீ பதில் எழுதாதே. உனக்கும் தெரியாது.

நேற்று மோட்டார் அறையில் நீ அனுப்பிய பாட்டை மறுபடி போட்டேன். கொஞ்ச நேரத்தில் காவலாளி படியேறி ஓடிவந்தார். "சார், மோட்டார்ல ஏதோ முனகுது, கீழ வரைக்கும் கேக்குது." மோட்டார் ஓடவே இல்லை. சரிபார்த்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வருகிறேன் என்று நான் எழுதவில்லை. கடைசி வரியில் அந்த அடிஸ்வரத்துக்கு என் குரல் இப்போது இறங்கவில்லை. சுதியை அரைக்கட்டை ஏற்றினால் எட்டலாம். சும்மா தகவலுக்கு எழுதினேன்.

தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

ஏற்றியாயிற்று. சுதியில் ஒரு மயிரிழைகூட விட்டுக்கொடுக்காத மனிதர், உன் கடிதத்தை நான் படித்து முடிப்பதற்குள் எழுந்துபோய் ஆர்மோனியத்தைத் திறந்துவிட்டார். மேற்குரல் பாடுகிற பெண்களெல்லாம் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "எங்களுக்குத் தொண்ட கிழியுதுங்க!"

"கிழிஞ்சா கிழியட்டும்," என்றார். "அவனுக்கு எட்டணும்."

அக்கா